ஐந்து மில்லிமீட்டர்

அந்தத் தெருவில் அவரை மில்லிமீட்டர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் இதை 'மில்லி' என்று மட்டும் அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, பாவம், குடிப்பழக்கம் போலிருக்கிறது என்று ஒரு மாதம் அவரை ஒதுக்கியே வைத்திருந்தார். மனிதர் ஒரு சொட்டு தொடமாட்டார். அவருடைய தொழில் கண்ணாடி வெட்டுவது. ஜன்னல் சட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினால் கண்ணாடி உள்ளே இறங்காது, தட்டினால் உடையும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் காற்றடிக்கும் போதெல்லாம் கடகடவென்று ஆடும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிழைப்பு நடத்தி நடத்தி ஆளே அளவுகோலாகிவிட்டார். பெல்ட்டை மறந்துவிட்டு வெளியே வருவார், டேப்பை மறக்கமாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் படம் கோணலாக இருந்தால் எழுந்துபோய் அதை நிமிர்த்திவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பார்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரை அளந்த மனிதர் தன் வீட்டுக்குள் எதை அளக்காமல் விட்டார் என்பதைக் கேட்டால் யாருக்கும் ஆத்திரம்தான் வரும். வரட்டும். அவருக்கே வந்தது, ஆனால் தாமதமாக.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கியது. பின்சீட்டில் அவருடைய மனைவியைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மனைவி பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். வாட்டசாட்டமான உடம்பு, உரத்த குரல். படியில் நின்று ஒரு அதட்டுப் போட்டால் பேருந்து முழுக்க அமைதியாகிவிடும். பிள்ளைகள் அவளுக்குக் 'குண்டு ஆன்ட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த வண்டியின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வளையம், அதில் படிக்கட்டு மாதிரி ஐந்து பற்கள். கொக்கி வைத்த ஒரு சின்ன ஸ்பேனரால் வளையத்தை ஒரு பல் ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும், இறக்கினால் தளரும். உட்காருபவரின் எடைக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அளவில் புலியான நம்முடைய ஆள் சாமான்களைப் பத்திரமாக வைப்பதில் சைபர். அந்தக் கொக்கி ஸ்பேனரை எத்தனை தடவை தொலைத்திருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்துக் கொடுப்பவள் அவள்தான். கடைசியில் அலுத்துப்போய் அதைத் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாள். வழியில் எங்காவது வண்டியை நிறுத்தி, "ஸ்பேனர்" என்று அவர் கையை நீட்டினால் போதும், அது கையில் வந்து உட்காரும்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

"என்னங்க, குழியில இறங்கினா இடுப்பெலும்புல இடிக்குது. உயிர் போயிட்டு வருது."

பழைய ஸ்பிரிங் சோர்ந்துபோய்விட்டது, பளு தாங்காமல் அடிவரைக்கும் இறங்கி முட்டுகிறது, அதுதான் இடி என்று அவர் முடிவு கட்டினார். உடனே ஓரமாக நிறுத்தி வளையத்தை ஒரு பல் ஏற்றினார். அடுத்த வாரம் அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஏற்றினார். ஐந்தாவது பல் வரைக்கும் ஏற்றிய பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். வலி சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார் மனிதர். ஆனால் மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அவருடைய தோளில் அவள் விரல்கள் இறுகுவதை மட்டும் கவனித்தார். 'ஸ்பிரிங் சரியில்லை, புதுசாகவே போட்டுவிட வேண்டும்' என்று தோன்றியதே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

புதிதாகப் போட இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். கடற்கரையை ஒட்டியே போகும் சாலையில், சாலை முடியும் இடம் வரைக்கும் வண்டியில் போய்வர வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. குளிர்காலம் முடிவதற்குள் கிளம்புவதாக ஏற்பாடு.

அவளுடைய தம்பி ஷாக் அப்சார்பர் பட்டறை வைத்திருந்தான். ஊரில் அவனை ஸ்பிரிங் என்றே கூப்பிடுவார்கள். பெயருக்கு ஏற்ற ஆள், எதற்கும் துள்ளுவான். கம்பியைச் சூடேற்றிச் சுருட்டி, எத்தனை கிலோவுக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்று கேட்டு அதற்குத் தகுந்தபடி ஸ்பிரிங் செய்து கொடுப்பான்.

"உங்க வெயிட் சொல்லுங்க மாமா."

"எழுபது. போன வாரம் மருந்துக்கடை மிஷின்ல ஏறிப் பாத்தேன்."

"அக்கா?"

"எழுபத்திரண்டு."

"எப்போ பாத்தது?"

"அவ வெயிட் எனக்குத் தெரியாதா? என்னை விட ரெண்டு கிலோ கூட. இத்தனை வருஷமா அதை வெச்சுத்தானே அவளைக் கிண்டல் பண்றேன்."

பக்கத்தில் நின்ற மனைவி கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விரல்வரைக்கும் மூடிக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். குளிர்கிறது என்று சொன்னாள். குளிர்காலத்தில் குளிராமல் பின்னே என்ன என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் பட்டறையில் கூடினார்கள். அன்றைக்கு வேறு வேலை எதையும் எடுக்காமல் தம்பி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான். முதலில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தான். கறுப்பாக, அழுகிய வாடையோடு வந்தது. கழுவித் துடைத்துப் புது எண்ணெய் ஊற்றி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றிப் பூட்டினான். பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதிதாக அடித்தான். கடைசியாகப் புது ஷாக் இரண்டையும் மாட்டினான். கறுப்பு பெயிண்ட் பளபளத்தது. அவனுடைய கணக்குப்படி வளையம் மூன்றாவது பல்லில் இருக்க வேண்டும்.

இனி அளக்க வேண்டியதுதான். சக்கரத்தின் அச்சுக்கும் சீட்டுக்கு அடியில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். ஆள் ஏறினால் தூரம் குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வண்டி இறங்கியிருக்கிறது. ஒருவர் ஏறி உட்கார, இன்னொருவர் பார்த்துச் சொன்னால் போதும். ஆனால் மில்லிமீட்டர் அடுத்தவர் கண்ணை நம்புகிற ஆளா? அச்சில் டேப்பை மாட்டி, தன் கடையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். சீட்டில் உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பினால் டேப்பின் கோடுகள் அதில் தெரியும். இடம் வலம் மாறிய எண்களைப் படிப்பது அவருக்குப் பழக்கம்தான்.

"மாமா, நீங்க போற இடத்துக்கெல்லாம் கண்ணாடியோட போறதைப் பாத்தா சலூன்காரர்னு நினைப்பாங்க."

"நீ வேலையைப் பாருடா."

அவர் மட்டும் ஏறி உட்கார்ந்தார். வண்டியை இரண்டு தடவை அழுத்தி விட்டுப் பார்த்தார்கள். கணக்கு எப்படிச் சொன்னதோ அப்படியே நின்றது. அவருக்கு வாயெல்லாம் பல். "நீயும் ஏறு" என்றார் மனைவியிடம். அவள் அவர் தோளைப் பிடித்து ஏறினாள். வண்டி இறங்கியது. கண்ணாடியில் பார்த்தார். சிரிப்பு மறைந்தது.

"அஞ்சு மில்லி கம்மி."

"என்ன கம்மி?"

"இன்னும் அஞ்சு மில்லி இறங்கணும். இறங்கல. நீ கம்பியைக் கெட்டியா போட்டுட்டே."

ஸ்பிரிங் குனிந்து டேப்பைப் பார்த்தான். மறுபடியும் அழுத்தி விட்டார்கள். ஏறி இறங்கினார்கள். மூன்று தடவை பார்த்தும் அதே ஐந்து மில்லிமீட்டர்தான். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஐந்து மில்லிமீட்டர் என்பது ஒரு பட்டாணியின் பருமன். ஆனால் ஏறி உட்கார்ந்திருப்பது யார்?

"அஞ்சு மில்லி எல்லாம் ஒரு விஷயமா மாமா? ரோட்டுல ஓட்டினா தானா படிஞ்சிடும்."

"என் கடையில அஞ்சு மில்லி தப்பா வெட்டினா கண்ணாடியைக் குப்பையிலதான் போடணும்."

"தனியா உக்காந்தா சரியா இருக்கு. ரெண்டு பேர் உக்காந்தா தப்பா இருக்கு. ஸ்பிரிங் தப்புன்னா முதல்லயே காட்டியிருக்காதா?"

"பாதிக்கு மேல சுருளை நெருக்கமா சுத்தியிருப்பே. அதான் இறங்க இறங்க முறைக்குது. அவசரத்துல செஞ்ச வேலை."

அவசரம் என்ற சொல்லைத் தொழிலாளியிடம் சொல்லலாமா? ஸ்பிரிங்குக்கு மூக்குமேல் கோபம் வந்தது. அக்கா புருஷன் என்ற மரியாதை காற்றில் பறந்தது. வார்த்தை தடித்தது. கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. நடுவில் அவள் மட்டும், "விடுங்க. அஞ்சு மில்லிதானே? எனக்கு இது போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாருடைய காதிலும் ஏறவில்லை. ஊரையே அதட்டுகிற குரல் எப்போது இவ்வளவு மெலிந்தது என்று அந்த இருவரில் ஒருவராவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவள் பின்பக்க அறைக்கு டீ போடப் போய்விட்டாள்.

"இப்ப காட்டறேன், யார் மேல தப்புன்னு" என்றான் ஸ்பிரிங்.

மூலையில் பழைய இரும்பு குவிந்து கிடந்தது. உடைந்த ஸ்பிரிங்குகள், தேய்ந்த பல்சக்கரங்கள். ஒரு கெட்டிச் சாக்கை எடுத்து அதில் அள்ளிப் போட்டான். பழைய இரும்பு எடை போடுவதற்காக உத்தரத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. இருவருமாகச் சாக்கைத் தூக்கி மாட்டினார்கள். ஒன்றைப் போட்டு ஒன்றை எடுத்து, முள் எழுபத்திரண்டில் வந்து நிற்கும் வரைக்கும் விடவில்லை.

"அக்கா எழுபத்திரண்டு. இதுவும் எழுபத்திரண்டு. சரிதானே?"

"சரிதான்."

சாக்கைப் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினான். மில்லிமீட்டர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். அழுத்தி விட்டார்கள். அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

அளவு வெட்டி வைத்தாற்போல் கோட்டில் நின்றது. ஐந்து மில்லிமீட்டர் இல்லை, அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

"பாத்தீங்களா!" ஸ்பிரிங் கையைத் தட்டினான். "மயிரிழை பிசகல! என் ஸ்பிரிங் பேசும் மாமா! தப்பு என்னோடது இல்ல, தப்பு…"

அந்தச் சொல்லோடு அவன் வாய் நின்றுவிட்டது. சிரிப்பு மட்டும் முகத்தில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

மில்லிமீட்டர் அசையவில்லை. ஸ்பிரிங் சரி. சாக்கும் சரி. அவரும் அதே ஆள்தான். மாறியது எது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்ததை உள்ளே விட மனம் கதவைத் திறக்கவில்லை.

"எடை தப்பா போட்டிருக்கே" என்றார்.

"நீங்கதான் மாமா முள்ளைப் பாத்தீங்க."

"அப்ப… எடு."

"என்ன?"

"சாக்குலேர்ந்து ஒன்னு எடு. எடுடா."

அவன் சாக்குக்குள் கையை விட்டு ஒரு உடைந்த ஸ்பிரிங்கை எடுத்துத் தரையில் போட்டான். ணங் என்றது. மில்லிமீட்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொன்னு."

ணங்.

"இன்னொன்னு."

"மாமா, வேண்டாம் மாமா."

"எடுன்னு சொல்றேன்ல!"

ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. வண்டி மெல்ல மெல்ல மேலே வந்தது. ஒரு மில்லிமீட்டர். அப்புறம் இன்னொன்று. இப்போதே நின்றுவிடாதா, இதோடு போதும் என்று ஆகிவிடாதா என்று அவர் உள்ளுக்குள் கெஞ்சினார். அளவு அவருக்காக இரங்கவில்லை. தரையில் குவியல் வளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் ஒரு பல்சக்கரத்தை எடுத்துப் போட்டபோது, அவள் ஏறி உட்கார்ந்தபோது காட்டிய அதே கோட்டில் டேப் வந்து நின்றது.

ஸ்பிரிங் கீழே கிடந்ததையெல்லாம் வேறொரு சாக்கில் அள்ளித் தராசில் மாட்டினான். முள் நடுங்கி நின்றது. பத்தொன்பது.

தன் மனைவியில் பத்தொன்பது கிலோ காணோம். வீட்டில் ஒரு தேக்கரண்டி காணாமல் போனால் தேடுகிற மனிதருக்கு அது தெரியவில்லை.

தலையைத் தூக்க முடியாமல் கண்ணாடியையே பார்த்தார். அதில் டேப்புக்குப் பின்னால், அறை வாசலில், டீத் தட்டோடு அவள் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ! நேருக்கு நேர் தினமும் பார்த்த முகம்தான். கண்ணாடியில் பார்த்தபோது வேறு யாரோ போல இருந்தது. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு கம்பளிச் சட்டையைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்தது. தட்டைப் பிடித்திருந்த விரலில் கல்யாண மோதிரம் கழன்று விழாமலிருக்க உள்பக்கம் நூலைச் சுற்றியிருந்தாள். நூல் அழுக்காகியிருந்தது. சுற்றி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

"அக்கா!" என்று கத்திவிட்டான் ஸ்பிரிங். அவன் அழுதே பார்த்திராத பட்டறை அது. அங்கே நின்று ஓவென்று அழுதான்.

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். "டீ ஆறிடும்" என்றாள்.

மில்லிமீட்டர் வண்டியை விட்டு எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

"எத்தனை நாளா?"

"மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடிலேர்ந்து. பசியே இல்ல. கொஞ்சம் சாப்பிட்டாலும் வயித்துல நிக்கல. வலி வேற."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னேனே. குழியில இறங்கினா எலும்புல இடிக்குதுன்னு சொன்னேன். நீங்க ஸ்பிரிங்கை முறுக்கினீங்க."

அவள் இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதனால்தான் அது அவர் மார்பில் போய்த் தைத்தது. அவள் இளைக்க இளைக்க வண்டிக்குப் பாரம் குறைந்திருக்கிறது. பாரம் குறைந்த வண்டி எகிறும். எகிறுகிற வண்டியை அவர் இன்னும் இன்னும் இறுக்கியிருக்கிறார். சதை வற்றிய இடுப்பெலும்புக்கு அடியில், ஐந்து பல் வரைக்கும், தன் கையாலேயே. அவள் சொல்வதை நிறுத்தியபோது சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்ட நாளும் நினைவுக்கு வந்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"அப்புறம் ஏன் வெளிப்படையா சொல்லல? டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"போனா இந்த டெஸ்ட் எடு, அந்த டெஸ்ட் எடுன்னு உக்கார வெச்சிடுவாங்க. கடல் ரோட்டுல போயிட்டு வந்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். பயமாவும் இருந்துது." கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதோட, நீங்களே கேப்பீங்கன்னு பாத்தேன். ஸ்கூல் பிள்ளைங்க என்னைக் குண்டு ஆன்ட்டின்னு கூப்பிடறதை நிறுத்தி எவ்வளவோ நாளாச்சு. அதுங்களுக்குத் தெரிஞ்சுது."

கொல்லைப்பக்கம் வரும் தெருப்பூனை அந்தச் சமயத்தில் ஏன் நினைவுக்கு வந்தது என்று புரியவில்லை. போன மாதம்தான் அவர் அதைச் சுட்டிக்காட்டி, "இது என்ன, நாளுக்கு நாள் குண்டாயிட்டே போகுது" என்று சொல்லியிருந்தார். அவளும் சிரித்தாள். அவள் தட்டில் மிஞ்சியதையெல்லாம் தின்று தின்றுதான் அது பெருத்தது என்பது இப்போது விளங்கியது. பூனை பெருத்தது கண்ணில் பட்டிருக்கிறது. அதற்குச் சோறு போட்டவள் கரைந்தது படவில்லை. இப்படி ஒரு மனிதன் உண்டா?

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். "டாக்ஸி கூப்பிடுடா."

"டாக்ஸி வேண்டாம்" என்றாள் அவள். "இத்தனை நாள் இந்த வண்டியில இடிபட்டேன். புது ஸ்பிரிங் எனக்காகத்தானே போட்டீங்க? அதுலயே போலாம். என் வெயிட்டுக்கு வெச்சுக் குடுங்க. இப்ப இருக்கிற வெயிட்டுக்கு."

ஸ்பிரிங் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் தம்பியைப் பார்த்த பார்வையில் பழைய அதட்டல் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவன் அடங்கிவிட்டான்.

மில்லிமீட்டர் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். பழக்கத்தில் கையைப் பின்னால் நீட்டினார். கைப்பையிலிருந்து கொக்கி ஸ்பேனர் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. வளையத்தில் கொக்கியை மாட்டினார். திருப்ப வேண்டும். கை திரும்பவில்லை. பல்லை இறக்கினால் அந்தப் பத்தொன்பது கிலோ போனது போனதுதான் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இறக்காவிட்டால் ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அவளை இடிக்கும். பின்னால் அவள் காத்திருந்தாள்.

திருப்பினார். ஒரு பல். மறுபடியும் ஒரு பல். மறுபக்கமும் அப்படியே. பிறகு அவர் முன்னால் ஏற, அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்தார். அளவு கோட்டில் நின்றது. அவர் வாழ்நாளில் சரியாக வந்த ஓர் அளவைப் பார்த்து அழுதது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் ஒன்று உண்டு. தண்டவாளத்துக்கு நடுவில் தார் பெயர்ந்து பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏற்றினார். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரமும் இறங்கி ஏறியது. தோளில் இருந்த விரல்கள் இறுகவில்லை.

"வலிச்சுதா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"இல்ல. நல்லா இருக்கு."

ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் என்ன பாடுபட்டது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் ஸ்பிரிங் தன் வண்டியில் வந்துகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை எவ்வளவு என்று கேட்டாள். "ஐம்பத்திமூணு" என்றார் மில்லிமீட்டர். மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "கரெக்டா சொல்றீங்களே" என்றாள் நர்ஸ். பாராட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

டாக்டர் ஒரு வயதான பெண்மணி. மனைவியைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பேச்சோடு பேச்சாக நகர்ந்த விரல்கள் ஓர் இடத்தில் நின்றன. பேச்சும் நின்றது. மறுபடியும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கட்டி எவ்வளவு பெரியது என்று கேட்க வாயெடுத்தார் மில்லிமீட்டர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஓர் அளவு வேண்டாம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

"இன்னைக்கே அட்மிட் பண்ணிடலாம்" என்றார் டாக்டர். "ஸ்கேன் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும். வந்துட்டீங்க இல்ல, அதுவே நல்லது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

வார்டுக்குக் கூட்டிப்போகச் சக்கர நாற்காலி வந்தது. நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிடச் சொன்னார்கள். அவள் நூல் சுற்றிய மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அதைக் கழற்ற இழுக்கவே தேவையில்லாமல் இருந்தது. பிறகு கைப்பையைத் திறந்து துழாவி, கொக்கி ஸ்பேனரை எடுத்தாள். பட்டறையில் அழுகையும் அவசரமுமாக இருந்தபோது அதை எடுத்துப் பையில் போட அவள் மட்டும் மறக்கவில்லை.

"இந்தாங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எனக்கு எதுக்கு இப்போ?"

"தொலைச்சிடாதீங்க" என்றாள். பேருந்துப் படியில் நின்று பிள்ளைகளிடம் பேசுகிற குரலில்தான் சொன்னாள். "நான் வெளிய வந்ததும் திரும்ப ரெண்டு பல் ஏத்தணும்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. ஸ்பிரிங் பக்கத்தில் வந்து நின்று, "உக்காருங்க மாமா" என்று பெஞ்சைக் காட்டினான். உட்கார்ந்தார். மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். ஸ்பேனரைப் பையில் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.